கோல்டன்றொட் செடியில் காணும் குறைகள்: அறிகுறியிலிருந்து காரணத்துக்கு

தென் ஒன்ராறியோவில் உழவு நின்றுபோன வயல்களையும், தொடருந்துப் பாதையோரங்களையும், மின்கம்பித் தடங்களின் அடிநிலத்தையும் ஓகஸ்ட் நடுப்பகுதியிலிருந்து ஒக்ரோபர் வரை மஞ்சளாக்கி நிற்கும் செடி கோல்டன்றொட். சூரியகாந்தியும் செவ்வந்தியும் சேர்ந்த குடும்பத்தில் சொலிடாகோ என்ற பேரினம் இது; நூற்றுக்கும் மேற்பட்ட அதன் இனங்களுள் மிகப் பெரும்பாலானவை வட அமெரிக்காவுக்கே உரியவை. பூங்கொத்துகளில் ரோசாக்களுக்கு இடையே இடைநிரப்பாகச் செருகப்படும் சிறு மஞ்சள் பூக்களாக இதன் வளர்ப்பு வகைகளை நம்மவர் பலர் பார்த்திருப்பார்கள்; வயலில் ஆளுயரத்துக்கு நிற்கும் செடியும் அதுவும் ஒரே பேரினம் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

வளவில் இதை விரும்பி நட்டவர்களும், தானாக முளைத்ததை வைப்பதா பிடுங்குவதா என்று தயங்குபவர்களும் என்னிடம் கேட்கும் கேள்விகளை அறிகுறிவாரியாக இங்கே எழுதுகிறேன். பல ஆண்டுகள் இச்செடியோடு பழகியதில் எனக்கு ஒன்று உறுதியாகத் தெரிந்தது. குறை என்று சொல்லப்படுபவற்றுட் சில வேறொரு செடியின் பழி. சில இதை நம்பி வாழும் பூச்சியின் வீடு. மீதமுள்ளவை வயலுக்குப் பழகிய செடிக்குத் தோட்டத்தில் நாம் அளவுமீறி ஊட்டியதன் விளைவு. ஆகவே ஒவ்வோர் அறிகுறிக்கும் முன்னால் நின்று, இச்செடி வயலில் இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று கேட்டுப் பார்ப்பதே என் முறை.

எதற்கும் முன், உங்களிடம் இருப்பது எந்த இனம் என்று பாருங்கள், ஏனெனில் தீர்வு அதைப் பொறுத்தே மாறும். இலையின் நீளவாக்கில் மூன்று நரம்புகள் தெளிவாக ஓடி, பூங்கொத்து கூம்பு வடிவில் மேலெழுந்து, அதன் கிளைகள் வெளிப்புறமாக வளைந்து, பூக்கள் கிளைகளின் மேற்பக்கத்தில் மட்டும் வரிசையாக அமர்ந்திருந்தால், அது கனடா கோல்டன்றொட் அல்லது அதன் மிக நெருங்கிய உறவான உயர் கோல்டன்றொட் ஆகும். தண்டு முழுவதும் சாம்பல்நிற மென்மயிர் இருந்தால் உயர் கோல்டன்றொட். அடித்தண்டு வழுவழுப்பாகவும் மேற்பகுதி மட்டும் மயிரோடும் இருந்தால் கனடா கோல்டன்றொட். தண்டு முழுவதும் மயிரின்றி, தேய்த்தால் அகலும் வெண்பூச்சோடு இருந்தால் அது இராட்சத கோல்டன்றொட். இம்மூன்றும் நிலத்தடித் தண்டுகளால் பரவுபவை. பூங்கொத்து மேலே தட்டையாக, குடை விரித்தாற்போல் இருந்து, இலைகள் புல்லைப்போல் ஒடுங்கியிருந்தால், அது புல்லிலைக் கோல்டன்றொட் என்று அழைக்கப்படும் யூதாமியா. பெயரில் உறவு இருந்தாலும் இன்று அது வேறு பேரினம்.

அறிகுறி: பூக்கும் காலத்தில் தும்மலும் கண்ணரிப்பும்

ஓகஸ்ட் பிற்பகுதியில் மூக்கு அடைத்து, கண் சிவந்து, வீட்டுக்குப் பின்னால் மஞ்சளாகப் பூத்து நிற்பதைச் சுட்டிக்காட்டி, "இதனால்தான்" என்று சொல்லாத வீடு குறைவு. இந்தப் பழி அநியாயமானது. இதைச் சொல்வதற்காகவே இக்கட்டுரையை எழுதத் தொடங்கினேன் என்றாலும் தகும்.

கோல்டன்றொட்டின் மகரந்தம் கனமானது, பிசுபிசுப்பானது. தேனீயின் காலிலும் வண்டின் உடலிலும் ஒட்டிச் செல்வதற்கென்றே அமைந்த அது காற்றில் நெடுந்தூரம் மிதப்பதில்லை. அதன் பளிச்சென்ற மஞ்சள் நிறமே பூச்சியை அழைப்பதற்கானது. காற்றை நம்பும் பூவுக்கு நிறமும் தேனும் தேவையில்லை. அதே வாரங்களில், பெரும்பாலும் அதே வேலியோரத்தில், யார் கண்ணிலும் படாமல் பச்சையாகப் பூப்பது றாக்வீட் என்னும் களை. அம்புரோசியா ஆர்ட்டிமிசிஃபோலியா என்பது அதன் தாவரவியற் பெயர். ஒரே றாக்வீட் செடி ஒரு பருவத்தில் நூறு கோடி வரை மகரந்தத் துகள்களைக் காற்றில் விடக்கூடும் என்று கணிக்கப்படுகிறது. உங்கள் தும்மலுக்குக் காரணம் பெரும்பாலும் அதுவே.

சோதிக்கும் முறை எளிது. வளவின் ஓரங்களையும், நடைபாதை வெடிப்புகளையும், அண்மையில் மண் கிளறிய இடங்களையும் நடந்து பாருங்கள். பெரணியைப்போல் ஆழமாகப் பிளவுபட்ட இலைகளும், கிளை நுனியில் மெல்லிய கதிர்போல் நிமிர்ந்த பச்சைப் பூக்களும் உடைய, முழங்கால் அளவிலிருந்து இடுப்பளவு வரையான செடியைக் கண்டால் அதுவே றாக்வீட். அது ஓராண்டுச் செடி. வேர் ஆழமில்லை, கையால் இழுத்தால் வந்துவிடும். யூலை மாதத்தில், பூக்கும் முன்பே பிடுங்கிவிட வேண்டும். பூத்த பின் பிடுங்குவதானால் ஒவ்வாமை இல்லாத ஒருவர் முகக்கவசம் அணிந்து செய்யட்டும்.

பலர் செய்யும் தவறு ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். தும்மலுக்குப் பயந்து கோல்டன்றொட் கூட்டத்தை வேரோடு கிளறி எறிந்துவிட்டு நிலத்தை வெறுமையாக விட்டால், அடுத்த கோடையில் அந்த வெற்று மண்ணில் முதலில் முளைப்பவற்றுள் றாக்வீட் இருக்கும். அதற்கு வேண்டியது வெயிலும் கிளறிய மண்ணுமே. அடர்ந்து நிற்கும் கோல்டன்றொட்டின் நிழலில் அது முளைக்காது. நோய்க்குக் காரணமற்ற செடியை அகற்றி, காரணமான செடிக்கு இடம் ஒழித்துக் கொடுத்ததாக அது முடியும்.

ஆயினும் முழு விடுதலை வழங்கவும் முடியாது. இரண்டும் ஒரே குடும்பம் ஆகையால், றாக்வீட் ஒவ்வாமை கடுமையாக உள்ளவர்கள் கோல்டன்றொட் பூங்கொத்தை முகத்தருகே வைத்து முகர்ந்தால் தும்மக்கூடும். செவ்வந்திக் குடும்பச் செடிகளைத் தொட்டால் தோல் தடிக்கும் இயல்புள்ளவர்கள் இதை வெட்டும்போது கையுறை அணிய வேண்டும். அறிகுறி தொடர்ந்தால் மருத்துவரிடம் ஒவ்வாமைப் பரிசோதனை செய்து எதனால் என்று உறுதிப்படுத்திக்கொள்வதே முறை.

அறிகுறி: தண்டுகள் சாய்ந்து, பூக்கும்போது நடுவில் பிளந்து விழுகின்றன

என் வளவில் முதன்முதலில் நட்ட கோல்டன்றொட்டுக்கு நேர்ந்தது இதுதான். தக்காளிக்கு இட்ட அதே மட்கிய எருவை அதற்கும் தாராளமாக இட்டு, நாள்தோறும் தண்ணீர் விட்டேன். யூலைக்குள் அது என் தலையை மீறி வளர்ந்தது. செப்ரெம்பரின் முதல் மழைக்கு முழுவதும் நடைபாதையில் படுத்துவிட்டது. அதே வாரத்தில், ஒரு பிடி உரமும் காணாத தொடருந்துப் பாதைச் சரளையில் அச்செடியின் உறவுகள் நெஞ்சளவில் நிமிர்ந்து நின்று பூத்திருந்தன.

காரணம் உரமும் நீரும்தான். மெலிந்த மண்ணில் இத்தண்டு குட்டையாகவும் மரத்தன்மையோடும் வளர்கிறது. கொழுத்த மண்ணில் நீண்டு, மென்மையாகி, பூவின் எடையைத் தாங்க மாட்டாமல் போகிறது. வயலில் இன்னொரு துணையும் உண்டு. உயர்ந்த புற்களும் அஸ்டர் செடிகளும் நாற்புறமும் நெருங்கி நின்று இதைத் தாங்குகின்றன. தோட்டத்தில் சுற்றிலும் மண்ணைச் சுத்தமாக வைத்துத் தனியே நிறுத்தினால் அந்தத் தோள் கிடைப்பதில்லை. வெயில் போதாத இடத்திலும் இதே சாய்வு வரும், ஆனால் அப்போது எல்லாத் தண்டுகளும் ஒரே திசையில், வெளிச்சத்தை நோக்கிச் சாய்ந்திருக்கும். உரம் மிஞ்சியதால் விழுபவை நாலாபுறமும் விரிந்து விழும்.

தீர்வாக, பசளை இடுவதை முற்றாக நிறுத்துங்கள். வேர் பிடித்த பின் கடும் வறட்சியில் தவிர நீரும் வேண்டாம். யூன் மாதத்தின் முதலிரு வாரங்களில் செடியை மூன்றிலொரு பங்கு, மிக உயரமாயின் பாதி வரை வெட்டிவிட்டால், அது பக்கக் கிளைகள் விட்டுக் குட்டையாகவும் அடர்த்தியாகவும் வளர்ந்து, வழக்கத்தைவிடச் சற்றுத் தாமதமாகப் பூக்கும். யூலை நடுப்பகுதிக்குப் பின் வெட்டினால் அந்த ஆண்டின் பூவையே வெட்டியதாகும். நடுப்பகுதி வெறுமையாகி ஓரங்களில் மட்டும் தளிர்க்கும் பழைய குத்துகளை மூன்றாண்டுக்கு ஒருமுறை இளவேனிலில் தோண்டிப் பிரித்து, ஓரத்துண்டுகளை மட்டும் மீண்டும் நடலாம். இந்த ஆண்டு ஏற்கெனவே விழுந்துவிட்டதென்றால், கம்பு நாட்டிக் கயிறு கட்டுவது தவிர வேறு வழியில்லை.

உயரமே இச்செடியின் சிறப்பாகக் கருதப்பட்ட காலமும் ஒன்றிருந்தது. மோட்டார் வண்டிச் சக்கரங்களுக்கு இறப்பர் கிடைக்காத நிலை வரலாம் என்று அஞ்சிய தோமஸ் எடிசன், 1920களின் இறுதியில் ஆயிரக்கணக்கான தாவரங்களைச் சோதித்து, இலையில் இறப்பர் உள்ள கோல்டன்றொட்டைத் தேர்ந்தெடுத்து, ஏறத்தாழ 12 அடி உயரம் வளரும் வகையொன்றைத் தம் புளோரிடா தோட்டத்தில் உருவாக்கினார். 1931இல் அவர் மறைந்த பின் அம்முயற்சி வணிக அளவை எட்டவில்லை.

அறிகுறி: மற்றச் செடிகளை விழுங்கிப் பரவுகிறது

இது பழியன்று, உண்மை. மூன்று நரம்பு இலை கொண்ட கனடா, உயர், இராட்சத இனங்கள் ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் தண்டின் அடியிலிருந்து நிலத்தடித் தண்டுகளை நாற்புறமும் செலுத்துகின்றன. அவற்றின் நுனிகள் அடுத்த இளவேனிலில் புதிய தண்டுகளாக எழுகின்றன. வயலில் வட்டமாக ஒரே உயரத்தில் நிற்கும் கூட்டத்தைப் பார்த்தால், அவை பல செடிகளல்ல, பல்லாண்டுகளாக விரிந்த ஒரே செடி என்று கொள்ளலாம். வேரிலிருந்து வெளிப்படும் பொருள்கள் பிற செடிகளின் முளைப்பைத் தடுப்பதும் ஆய்வுகளில் காணப்பட்டிருக்கிறது.

தன் சொந்த நிலத்தில் இதற்குக் கடிவாளங்கள் உண்டு: இலையுண்ணும் வண்டுகள், தண்டைத் துளைக்கும் புழுக்கள், போட்டியிடும் உயர்ந்த புற்கள், இறுதியில் மேலெழுந்து நிழலிடும் மரக்கன்றுகள். அலங்காரச் செடியாக ஐரோப்பாவுக்கும், 1935இல் சீனாவின் சங்காய்க்கும், யப்பானுக்கும் கொண்டு செல்லப்பட்டபோது அக்கடிவாளங்கள் உடன் செல்லவில்லை. ஆகவே அங்கெல்லாம் இது ஆக்கிரமிப்புக் களையாகிவிட்டது. ஊருக்குப் போகும்போது விதையையோ வேர்த்துண்டையோ எடுத்துச் சென்று நட எண்ணுபவர்கள் இதை மனத்தில் கொள்ள வேண்டும் என்று வருந்திக் கேட்டுக்கொள்கிறேன்.

சிறிய வளவில் பரவலை அடக்க முதல் வழி தோண்டுதல். மழை பெய்து மண் இளகியிருக்கும் ஏப்ரல் இறுதியில், தளிர்கள் விரலளவு இருக்கும்போது, கவைக்கோலால் கூட்டத்தின் வெளியோரத்திலிருந்து உள்நோக்கி மண்ணைத் தூக்கி, நிலத்தடித் தண்டுகளை முறிக்காமல் இழுத்தெடுங்கள். முறிந்த துண்டு மண்ணில் தங்கினால் அது மீண்டும் எழும், ஆதலால் அடுத்த இரண்டு மாதங்கள் இருவாரத்துக்கு ஒருமுறை வந்து பார்ப்பது தோண்டும் வேலையின் பகுதியே. எடுத்த தண்டுகளை மட்கு உரக் குழியில் போடாதீர்கள்; வெயிலில் சருகாகும்வரை உலர்த்துங்கள்.

பெரிய நிலமாயின் தோண்டுதல் நடவாது. ஆண்டுக்கு ஒருமுறை, அதுவும் இலையுதிர் காலத்தில் வெட்டுவது செடிக்குப் பாதகமே இல்லை. அதன் சேமிப்பு அப்போது நிலத்தடியில் இருக்கிறது. யூன் தொடக்கத்திலும், பூவரும்பு கட்டும் ஓகஸ்ட் தொடக்கத்திலுமாக ஆண்டுக்கு இருமுறை, சில ஆண்டுகள் தொடர்ந்து வெட்டினால்தான் நிலத்தடிச் சேமிப்பு கரைந்து கூட்டம் மெலியும். திறந்த நிலத்தில் கூடு கட்டும் பறவைகள் இருக்குமிடத்தில் யூன் வெட்டலுக்கு முன் நடந்து பார்த்துக் கூடுகளுக்கு இடம் விட வேண்டும். மெலிந்த இடத்தை வெறுமையாக விடாமல் நியூ இங்கிலாந்து அஸ்டர், பெரிய புளூஸ்டெம் புல் போன்ற, தோளுக்குத் தோள் நிற்கக்கூடிய உள்ளூர்ச் செடிகளை நட வேண்டும்.

எல்லாவற்றிலும் நல்ல தீர்வு, சிறு வளவுக்கு முதலிலேயே வேறு இனத்தைத் தேர்வதுதான். நிழலுக்கு நீலத்தண்டுக் கோல்டன்றொட், வறண்ட மணலுக்கு முழங்காலளவே வளரும் சாம்பல் கோல்டன்றொட், வெயிலும் களிமண்ணும் உள்ள இடத்துக்கு விறைப்பிலைக் கோல்டன்றொட் ஆகியன குத்தாக நிற்பவை. மஞ்சளும் வேண்டும், தேனீயும் வர வேண்டும், ஆனால் அண்டை வீட்டாரோடு மனவருத்தம் வரக்கூடாது என்பவர்களுக்கு நான் எப்போதும் இவற்றையே சொல்வேன்.

அறிகுறி: வளர்கிறது, ஆனால் பூக்கவில்லை

விதையிலிருந்து வந்த முதலாண்டுச் செடியாயின் பொறுத்திருங்கள். பெரும்பாலும் இரண்டாம் ஆண்டில் பூக்கும். நாளில் ஆறு மணி நேரமேனும் நேர்வெயில் விழாத இடமாயின், வயல் இனங்கள் இலையோடு நின்றுவிடும். நுனிகள் மட்டும் சாய்வாகவோ கந்தலாகவோ துண்டிக்கப்பட்டிருந்தால் முயலோ மானோ மேய்ந்திருக்கிறது.

பலர் எண்ணிப் பார்க்காத காரணம் ஒன்று, இரவு விளக்கு. கோல்டன்றொட் பகல் குறுகுவதை அறிந்து பூப்பது. பூங்கொத்துக்காக இதைப் பயிரிடும் தோட்டங்களில், தண்டு வேண்டிய நீளம் வளரும்வரை பூப்பதைத் தள்ளிப்போட இரவில் விளக்கேற்றி வைப்பதுண்டு. உங்கள் வாகனத் தரிப்பிடத்து விளக்கு இரவு முழுவதும் செடிமேல் விழுமாயின், அது அறியாமலே அதே வேலையைச் செய்யக்கூடும். விளக்கின் ஒளியைக் கீழ்நோக்கித் திருப்புவதோ, அசைவைக் கண்டு எரியும் விளக்காக மாற்றுவதோ போதும்.

பூ வந்தும் அது மஞ்சளாகாமல் பச்சை இலைகள்போல் உருமாறி, கிளைகள் துடைப்பம்போல் நெருங்கி, செடியே வெளிறியிருந்தால், தத்துப்பூச்சிகள் பரப்பும் அஸ்டர் மஞ்சள் நோயாக இருக்கலாம். பைட்டோபிளாஸ்மா என்னும் நுண்ணுயிரால் வரும் அதற்கு மருந்தில்லை. அச்செடியை மட்டும் வேரோடு அகற்ற வேண்டும். ஆனால் அப்படி முடிவெடுக்கும் முன் அடுத்த பகுதியையும் படியுங்கள்.

அறிகுறி: தண்டில் உருண்டை வீக்கம்

தண்டின் நடுவில் கோலிக்குண்டைவிடப் பெரிதாக, இரண்டு மூன்று சென்ரிமீற்றர் அகலத்தில், உருண்டையாக ஒரு முடிச்சு இருந்தால், அதனுள்ளே ஒரேயொரு புழு வாழ்கிறது. யூரோஸ்டா சொலிடாஜினிஸ் என்னும் சிறு ஈ இளவேனிலில் தளிர் நுனியில் முட்டையிடுகிறது. உட்புகுந்த புழுவின் தூண்டுதலால் செடியே தன் திசுவை வீங்கச் செய்து அதற்கு உணவும் வீடுமாக அமைத்துக் கொடுக்கிறது. கோடை முழுவதும் உண்டு பருத்த புழு, இலையுதிர் காலத்தில் வெளித்தோல் வரை ஒரு சுரங்கம் குடைந்து, தோலை மட்டும் விட்டுவைத்து, நடுவுக்குத் திரும்பிவிடும். ஈயாக மாறிய பின் குடைய அதற்கு வாய் இல்லை. ஆதலால் வாசலை முன்னமே வெட்டி வைக்கிறது. ஒன்ராறியோவின் பனிக்காலத்தில் அப்புழுவின் உடல்நீரே உறைந்துபோகும். கிளிசரோலும் சோர்பிட்டோலும் உடலில் சேர்ந்திருப்பதால் உயிரணுக்கள் சிதையாமல், மே மாதத்தில் ஈயாக வெளிவருகிறது.

இந்த முடிச்சைக் குளிர்காலத்தில் கையிலெடுத்துப் பாருங்கள். முந்திய ஆண்டின் பழைய முடிச்சில் ஊசித்துளைபோல் ஒன்று இருந்தால் ஒட்டுண்ணிக் குளவி உள்ளே வளர்ந்து வென்று வெளியேறியிருக்கக்கூடும். கூர்மையாகத் துளையிட்ட ஒழுங்கான குழி இருந்தால் டவுனி மரங்கொத்தி புழுவை எடுத்துச் சென்றிருக்கிறது. கந்தலாகக் கொத்திக் கிழித்திருந்தால் சிக்கடிக் குருவி. துளையே இல்லையென்றால் ஈயின் புழுவோ அதை வென்ற ஒட்டுண்ணியோ உள்ளே உறங்குகிறது. ஆற்றுப் பனியில் துளையிட்டு மீன்பிடிப்பவர்கள் இதைத் தேடி எடுத்து இரையாக்குவதும் உண்டு. ஒரு கெட்டியான முடிச்சுக்குள் இத்தனை உயிர்களின் கணக்கு இருப்பதை அறிந்த பின், இதை நோய் என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. செடிக்குச் சிறிது பூக்குறைவு நேரலாம், சாவு நேராது. மருந்து தெளித்தாலும் உள்ளே செல்லாது. ஒன்றும் செய்ய வேண்டாம்.

வீக்கம் உருண்டையாக இல்லாமல் கதிர்போல் இருமுனையும் ஒடுங்கியிருந்தால் அது ஓர் அந்துப்பூச்சியின் புழு அமைத்தது. தண்டு மேலே வளராமல் நின்று, நுனியில் இலைகள் ரோசாப்பூப்போல் நெருங்கிக் குவிந்திருந்தால், ரோப்பலோமையா என்னும் கொசு போன்ற சிற்றீயின் வேலை. அஸ்டர் மஞ்சள் நோயோடு இதையே பலர் குழப்பிக்கொள்கிறார்கள். அந்நோயில் செடி முழுவதும் வெளிறும். இதிலோ குவிந்த நுனியைத் தவிர மற்றெல்லாம் ஆரோக்கியமான பச்சையாக இருக்கும், கீழிருந்து பக்கக் கிளைகள் எழுந்து பூக்கவும் செய்யும்.

அறிகுறி: இலையில் நிறமாற்றம், துளை, பொடி

இலையின் அடிப்புறத்தில் செம்மஞ்சள் பொடி விரலில் ஒட்டினால் அது கோலியோஸ்போரியம் என்னும் துருநோய். இப்பூஞ்சை தன் வாழ்வின் ஒரு பகுதியைப் பைன் மரத்தின் ஊசியிலைகளில் கழிக்கிறது. கோல்டன்றொட் இதைத் தாங்கிக்கொள்ளும். பக்கத்தில் இளம் பைன் கன்றுகளை வளர்ப்பவர்கள் மட்டும், அவற்றைச் சுற்றியுள்ள கோல்டன்றொட்டை ஓகஸ்டுக்கு முன் வெட்டிவிட வேண்டும். இலையின் மேற்புறத்தில் வெண்பொடி படிந்தால் சாம்பல் நோய்: காற்றோட்டமில்லாத நெருக்கத்திலும், வேர் வறண்டு இரவு ஈரம் மிகுந்த ஓகஸ்ட் நாட்களிலும் வரும். குத்தைப் பிரித்து நட்டால் அடுத்த ஆண்டு குறையும்.

தார் சிந்தியதுபோல் கரிய வட்டத் தடிப்புகள் இலையில் இருந்தால் அதைப் பூஞ்சை நோய் என்று மட்டும் எண்ண வேண்டாம். அஸ்டரோமையா என்னும் சிற்றீ முட்டையிடும்போதே பூஞ்சையின் வித்துகளையும் கொண்டுவந்து சேர்க்கிறது. அப்பூஞ்சை கரிய கூரையாக வளர்ந்து உள்ளிருக்கும் புழுவைக் காக்கிறது. இதற்கும் தீர்வு தேவையில்லை.

மே, யூன் மாதங்களில் கருமை மினுங்கும் சிறு புழுக்கள் இலைகளைச் சல்லடையாக்கினால் அவை திரிராப்டா வண்டின் குஞ்சுகள். யூலையில் மஞ்சளில் கருங்கோடிட்ட வண்டுகளாக மீண்டும் வரும். மேற்சொன்ன கடிவாளங்களுள் முதன்மையானது இதுவே. சில ஆண்டுகளில் வயல்களையே மொட்டையாக்கி, கோல்டன்றொட்டின் பிடியைத் தளர்த்திப் பிற செடிகளுக்கு இடம் கொடுக்கும். வளவில் உள்ள ஓரிரு குத்துகளைக் காக்க விரும்பினால், காலையில் தண்டைத் தட்டி, சவர்க்கார நீர் உள்ள வாளியில் விழச் செய்யலாம்.

தண்டின் மேற்பகுதியில் செந்நிற அசுவினிகள் தலைகீழாக அடுக்கி நிற்பதைக் கண்டு அஞ்ச வேண்டாம். அவை கோல்டன்றொட்டைச் சார்ந்து வாழும் இனம். உங்கள் கத்தரிக்கும் மிளகாய்க்கும் தாவிவிடும் என்ற கவலை வேண்டாம். பொறிவண்டுகள் சில நாட்களில் வந்துசேரும். எச்சில்போன்ற நுரைக்குள் இருப்பது நுரைப்பூச்சியின் இளவுயிர். நீரைப் பீய்ச்சினால் போய்விடும். பூவில் அமர்ந்த தேனீ அசையாமல் இருந்தால் உற்றுப் பாருங்கள்: வெண்மையிலிருந்து மஞ்சளாக நிறம் மாறக்கூடிய நண்டுச் சிலந்தியொன்று அதைப் பிடித்திருக்கும்.

அறிகுறி: தேன்கூட்டில் துர்நாற்றம்

செப்ரெம்பரில் கூட்டின் அருகே சென்றால் வியர்த்த காலுறையின் நாற்றம் வருகிறது என்று புதிதாகத் தேனீ வளர்ப்பவர்கள் பதறுவார்கள். கோல்டன்றொட் தேன் முற்றும்போது எழும் மணம் அது. அடைத்து முதிர்ந்த பின் தேனில் அந்நாற்றம் தங்குவதில்லை. ஆயினும் மணத்தை மட்டும் நம்பாமல் கூட்டைத் திறந்து பாருங்கள். புழு அறைகளின் மூடிகள் குழிந்தோ துளைபட்டோ இருந்து, தீக்குச்சியை நுழைத்து இழுத்தால் பழுப்புநிறக் கூழ் நூலாக நீண்டு வருமாயின், அது அமெரிக்கப் புழுவழுகல் நோய். சட்டகங்களை இடம் மாற்றாமல் உடனே மாகாணத் தேனீப் பரிசோதகருக்கு அறிவிக்க வேண்டும். புழுக்கள் முத்துவெண்மையாக மின்னினால் கவலையில்லை. இத்தேன் விரைவில் உறையும் என்பதால், எடுப்பதானால் தாமதிக்காமல் எடுத்துவிடுங்கள்; பனிக்காலத்துக்குத் தேனீக்களிடமே விடுவது இன்னும் நல்லது.

அறிகுறி: விதை முளைக்கவில்லை

ஒரே கூட்டத்தில் விதை சேர்த்திருந்தால் அவற்றுட் பெரும்பகுதி வெறும் பதராக இருக்கலாம். இச்செடி தன் மகரந்தத்தால் தானே கருவுறாது. கூட்டம் முழுவதும் ஒரே செடியாகையால் அருகில் வேறொரு கூட்டம் இருந்தால்தான் விதை பிடிக்கும். ஆகவே ஒக்ரோபர் இறுதியில், பஞ்சு விரிந்த பின், அனுமதியுள்ள இரண்டு மூன்று இடங்களில் சிறிது சிறிதாகச் சேருங்கள். றூஜ் தேசிய நகர்ப்புறப் பூங்கா போன்ற இடங்களில் செடியையோ விதையையோ எடுப்பது சட்டப்படி தடை செய்யப்பட்டுள்ளது.

நல்ல விதையும் குளிர்காலத்தைக் கடக்காமல் நன்றாக முளைப்பதில்லை. ஈரமணலில் கலந்து குளிர்சாதனப்பெட்டியில் 60 நாட்கள் வைத்து, பின் மண்ணின் மேற்பரப்பில் தூவி, கையால் அழுத்தி விடுங்கள். மண்ணால் மூடக்கூடாது, முளைக்க வெளிச்சம் வேண்டும். இதைவிட எளிது, நவம்பரில் சட்டியில் தூவி வெளியில் பனிக்கே விட்டுவிடுவது.

விதை எடுத்த பின் உலர்ந்த தண்டுகளை உடனே வெட்டாதீர்கள். முடிச்சுகளுக்குள் புழுக்கள் உறங்குகின்றன, குருவிகள் பனியினூடே வந்து எஞ்சிய விதைகளைக் கொத்துகின்றன. மே மாதத்தில், இரவுக் குளிர் நன்கு விலகி முதல் ஈக்கள் வெளியேறிய பின், தண்டுகளை முழங்காலளவு விட்டு வெட்டி, வெட்டியவற்றை வேலியோரத்தில் கிடத்துங்கள். எஞ்சிய அடித்தண்டுகளின் துளையில் சிறு தனித்தேனீக்கள் கூடு கட்டும், புதிய தளிர்கள் சில வாரங்களில் அவற்றை மறைத்துவிடும்.